மெல்லிய குரலும் மைக்கும்



ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது பெரிதும் தயங்கினேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவன் நான். சங்க இலக்கியத்தைப் பற்றியோ சமய தத்துவத்தைப் பற்றியோ எழுதும் தகுதி எனக்கில்லை; அதற்குரிய புலமை வாய்ந்தோர் நம்மிடையே இருக்கின்றனர். ஆயினும் பல ஆண்டுகளாக நம் விழா மேடையின் ஓரத்தில், மைக் கம்பிகளுக்கும் மின்பெட்டிகளுக்கும் நடுவே நின்று ஊழியம் செய்தவன் என்ற உரிமை ஒன்று உண்டு. அவ்வுரிமையைக் கொண்டு, மைக் என்னும் கருவியின் வரலாற்றையும், மெல்லிய குரல் படைத்தோருக்கு அது எவ்வாறு வாழ்வளித்தது என்பதையும் எனக்குத் தெரிந்த அளவில் எழுதத் துணிந்தேன். ஒலிவாங்கி என்னும் நல்ல தமிழ்ச் சொல் இருப்பினும், நம் காலனியில் எல்லோர் வாயிலும் 'மைக்' என்றே வழங்குவதால் அச்சொல்லையே மிகுதியும் ஆண்டிருக்கிறேன். குற்றம் கண்டவிடத்துப் பெரியோர் பொறுத்தருள்வார்களாக.

இக்கட்டுரைக்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுவதே முறை.

ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், தஞ்சைப் பக்கத்திலிருந்து இவ்வங்க நாட்டிற்கு மருமகளாக வந்த பெண்மணி ஒருவர் நம் காலனியில் குடியேறினார். நவராத்திரிக் கொலுவில் அவர் பாடக் கேட்டோர் அனைவரும் உருகிப்போயினர். குரல் சிறிது, ஆனால் சுருதி இம்மியும் பிசகாது, சொல் ஒவ்வொன்றும் முத்துப் போல் தெளிவாக விழும். "ஆண்டு விழாவில் இவர் பாடியே ஆகவேண்டும்" என்று நாங்கள் வற்புறுத்தினோம். அவரும் கூச்சத்தோடு இசைந்தார்.

விழா நாள் வந்தது. வாடகைக்கு எடுத்த மைக்கை அவருக்கு ஒன்றரை அடி தள்ளி நிறுத்தினோம். வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்திற்கு இரண்டு, தம்புராவுக்கு ஒன்று என்று மேடை நிறைய மைக்குகள். ஒலிபெருக்கிப் பெட்டிகளோ அவருக்குப் பின்னால், மேடைத் திரையை ஒட்டி நின்றன. அவர் பாடத் தொடங்கினார். கடைசி வரிசையில் ஒன்றும் கேட்கவில்லை. ஒலியைக் கூட்டினோம், 'கூ' என்று ஊளையிட்டது பெட்டி. குறைத்தோம், மீண்டும் கேட்கவில்லை. அப்போது மேடையோரத்தில் நின்ற ஒருவன், "இன்னும் கொஞ்சம் சத்தமாப் பாடும்மா!" என்று கையசைத்துச் சொன்னான். அந்த ஒருவன் நானே.

அவர் குரலை உயர்த்தினார். சரணத்தில் மேல் ஸ்தாயியை எட்டும் இடத்தில் குரல் உடைந்தது, இருமல் வந்தது. இரண்டே பாட்டோடு மங்களம் பாடி எழுந்துவிட்டார். அன்றிரவு சாப்பாட்டுப் பந்தியில், "வீட்டுக்குச் சரி, மேடைக்கு ஆகாத குரல்" என்று பேச்சு எழுந்தது. அப்பேச்சு அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அதன் பின் இன்றுவரை அவர் மேடை ஏறவில்லை.

அன்று பிழை செய்தவர்கள் நாங்கள்; பழி சுமந்தது அந்தக் குரல். இதை நான் அறிந்துகொள்வதற்குப் பல ஆண்டுகள் ஆயின. அறிந்ததைச் சொல்கிறேன்.

மைக் வருமுன் இருந்த நிலை

மைக் இல்லாத காலத்தில் பாட்டுக்காரருக்கு முதல் தகுதி, குரல் எட்டும் தூரமே. நாடகக் கொட்டகையில் ஆயிரம் பேர் கூடுவர். தரை டிக்கெட் வாங்கியவனுக்கும் பாட்டுக் கேட்டாக வேண்டும். ஆகவே நாடக நடிகர்கள் உச்ச சுருதியை வைத்துக்கொண்டு பாடினர். எஸ். ஜி. கிட்டப்பாவும் (1906-1933) கே. பி. சுந்தராம்பாளும் (1908-1980) பெரும்புகழ் பெற்றதற்கு ஞானம் ஒரு காரணம். கொட்டகையின் கோடி வரை கணீரென்று சென்ற குரல் மற்றொரு காரணம். உயர்ந்த சுருதியில் எழும் ஒலியை மனிதனின் செவி எளிதிற் பற்றிக்கொள்ளும்; தாழ்ந்த சுருதியில் எழும் ஒலி கூட்டத்தின் இரைச்சலில் அமிழ்ந்துபோகும். கோயில் திருவிழாக்களில் வாய்ப்பாட்டைக் காட்டிலும் நாகசுரம் கொடிகட்டிப் பறந்ததற்கும் இதுவே காரணம் எனலாம்.

அப்படியானால் மென்மையான கலை அக்காலத்தில் எங்கே வாழ்ந்தது? சிறிய அறைகளில் வாழ்ந்தது. வீணை தனம்மாளின் (1867-1938) வரலாறு இதற்குச் சிறந்த சான்று. சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த அவர் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணை ஒலிக்கும். தந்தியை மிக மெல்ல மீட்டுவது அவர் வழக்கம். அருகே அமர்ந்தோர் அசையாமல், இருமாமல் கேட்பர். பெரிய வித்வான்களும் அங்குச் சென்று கேட்டுப் பாடம் பெற்றனர். அத்தகைய கலை திறந்தவெளிப் பந்தலில் ஒரு நாழிகையும் நின்றிருக்க முடியாது. வீடு இருந்ததால் அது பிழைத்தது. வீடு வாய்க்காத எத்தனையோ மெல்லிய குரல்கள் அடுக்களையோடும் தொட்டிலோடும் நின்றுபோயின.

இசைத்தட்டு வந்தபோதும் முதலில் நிலைமை மாறவில்லை. 1902 நவம்பரில் கல்கத்தாவில் பிரெட் கைஸ்பர்க் என்பவர் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். அக்காலப் பதிவில் மின்சாரம் கிடையாது. தகரக் கூம்பு ஒன்றின் வாயில் முகத்தை வைத்துப் பாடவேண்டும். அவ்வொலியின் வலிமையே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். வலிமையில்லாத குரல் கோடு கிழிக்காது. எனவே அந்நாளைய தட்டுகளில் உரத்த குரல்களே பெரும்பாலும் நிலைத்தன.

மைக் பிறந்த கதை

'மைக்ரோபோன்' என்னும் சொல்லை 1827இல் முதன்முதலாக வழங்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் வீட்ஸ்டன். கிரேக்க மொழியில் 'மைக்ரோ' என்றால் சிறியது. 'போன்' என்றால் ஒலி. சிற்றொலிக் கருவி என்பது பொருள். பெரிய ஒலியைக் கேட்க எவருக்கும் கருவி வேண்டாம். சிறிய ஒலியைக் கேட்கவே கருவி வேண்டும். ஆகவே மைக் என்பது பெயரளவிலேயே மெல்லிய குரலுக்கு உறவினர் ஆகிறது.

1876இல் கிரகாம் பெல் தொலைபேசியை உலகிற்குத் தந்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் எடிசன், பெர்லினர், ஹியூஸ் ஆகியோர் தனித்தனியே முயன்று கரியைக் கொண்டு ஒலியை வாங்கும் முறையைக் கண்டனர். ஹியூஸ் 1878இல் தம் கருவிக்கு மைக்ரோபோன் என்னும் பழைய பெயரைச் சூட்டினார். பெட்டிக்குள் பூச்சி ஊர்வதும் அதில் கேட்டதாம். நம் பழைய கட்டுப்பாட்டுத் தொலைபேசிகளில் இருந்ததும் இக்கரி வகையே. பேச்சுக்கு அது போதும்; ஆனால் ஓயாத 'உஸ்' என்னும் இரைச்சலை உடன் கொணர்வதால் பாட்டுக்கு உதவாது.

1915இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதம் என்னும் இருவர் பெருங்கூட்டத்தின் முன் ஒலிபெருக்கியை இயக்கிக் காட்டினர். 1919இல் சான் டியாகோவில் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் அவர்களுடைய கருவியின் மூலம் மக்களிடம் பேசினார். மனிதக் குரலின் எல்லை அன்றோடு மாறியது.

இதற்கிடையே 1916இல் வென்ட் என்னும் விஞ்ஞானி கண்டென்சர் வகையை அமைத்தார். மிக மெல்லிய தகடு ஒன்று மின்னேற்றம் பெற்று மற்றொரு தகட்டின் அருகே நிற்கும். ஒலி பட்டுத் தகடு அதிரும்போது மின்னளவு மாறும். நுட்பத்தில் இதற்கு ஈடில்லை. 1925இல் மின்சார முறையில் இசைத்தட்டுப் பதிவு தொடங்கியபோது தகரக் கூம்பு விடைபெற்றது. 1930களின் தொடக்கத்தில் ஹாரி ஆல்சன் என்பவர் ரிப்பன் வகையைச் செம்மை செய்தார். இழை போன்ற அலுமினியத் தகடு காந்தத்தின் நடுவே தொங்கும் அக்கருவி, குரலுக்குப் பட்டுப் போன்ற மென்மையைத் தருவது. 1931இல் வென்டும் தூராஸ் என்பவரும் சேர்ந்து, கம்பிச்சுருள் காந்தத்தினூடே அசையும் டைனமிக் வகையை அளித்தனர். அது உறுதியானது, வெளியிலிருந்து மின்சாரம் வேண்டாதது, மேடைக்கு ஏற்றது.

ஆயினும் குறை ஒன்று எஞ்சியிருந்தது. எத்திசையிலிருந்து வரும் ஒலியையும் கேட்கும் மைக், பாடகரோடு ஒலிபெருக்கியையும் கேட்கிறது. பெட்டியிலிருந்து வரும் ஒலி மைக்கில் நுழைந்து, பெருகி, மீண்டும் பெட்டிக்கு வந்து, மீண்டும் மைக்கில் நுழைகிறது. இச்சுழற்சியே நாம் அஞ்சும் ஊளை. 1939இல் ஷூர் நிறுவனத்தின் பெஞ்சமின் பாயர், ஒரே உறுப்பைக் கொண்டு முன்புறம் மட்டும் கூர்மையாகக் கேட்கும் டைனமிக் மைக்கை உருவாக்கினார். யூனிடைன் என்பது அதன் பெயர். அதன் வழிவந்ததே எர்னி சீலர் உருவாக்கி 1966இல் வெளிவந்த எஸ்.எம்.58. உருண்டைத் தலையுடன் இன்று ஊர்தோறும் மேடைகளில் காணும் மைக் அதுவே, அல்லது அதைப் பார்த்துச் செய்த நகல்.

1962இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜெஸ்லர், வெஸ்ட் என்னும் இருவர், மின்னேற்றத்தைத் தன்னுள்ளேயே தேக்கி வைத்திருக்கும் எலக்ட்ரெட் என்னும் தகட்டைக் கண்டனர். கண்டென்சர் வகை மலிந்ததற்கு அதுவே காரணம். 1966இல் நார்வே வானொலிக்காக நாய்மன் நிறுவனம் 48 வோல்ட் மின்சாரத்தை மைக் கம்பியிலேயே அனுப்பும் முறையைக் கொணர்ந்தது. அவ்வானொலி நிலையத்தில் அவசர விளக்குகளுக்கென 48 வோல்ட் மின்சாரம் முன்பே இருந்ததால் அவ்வளவைத் தேர்ந்தனராம். உலகெங்கும் இன்று அதுவே வழக்காயிற்று.

மெல்லிய குரல் மேடையேறியது

மேனாட்டில் மைக் வந்தவுடன் ஒரு புதுப் பாட்டு முறை பிறந்தது. செவியருகே பேசுவது போல் மெல்லப் பாடும் முறை அது. பிங் கிராஸ்பி அதில் பெரும்புகழ் எய்தினார். பெரியோர் சிலருக்கு இது பிடிக்கவில்லை. 1932இல் பாஸ்டன் நகரத்துக் கர்தினால் ஓகானல் அம்முறையை வெளிப்படையாகக் கண்டித்தார். உரக்கப் பாடுவதே ஆண்மை என்று எண்ணிய காலம் அது. கண்டனம் மறைந்தது, மென்மை நின்றது.

நம் பாரதத்தில் கதை இன்னும் சுவையானது. கல்கத்தா வானொலி 1927 ஆகஸ்டிலும், சென்னை நிலையம் 1938 ஜூனிலும், திருச்சி நிலையம் 1939 மே மாதத்திலும் தொடங்கின. வானொலிக் கூடத்தில் பாடுவோருக்குக் கூட்டமும் இல்லை, இரைச்சலும் இல்லை. மைக்கின் முன் அமர்ந்து, வீட்டில் பாடுவது போலப் பாடலாம். தனம்மாளின் பேத்திமார் பிருந்தாவும் முக்தாவும் அக்குடும்பத்தின் அடக்கமான, நுட்பம் செறிந்த பாணியை வானொலி வாயிலாக நாடறியச் செய்தனர். ஜார்ஜ் டவுன் வீட்டின் வெள்ளிக்கிழமை மாலை, பல ஊர்களின் கூடங்களுக்கு வந்துசேர்ந்தது போலாயிற்று.

எம். டி. ராமநாதன் (1923-1984) மற்றொரு சான்று. டைகர் வரதாச்சாரியாரின் சீடர். மிகத் தாழ்ந்த சுருதியில், விளம்ப காலத்தில், ஆழ்ந்து பாடுபவர். கிட்டப்பா காலத்துக் கொட்டகையில் அவர் பாடியிருந்தால் பத்தாவது வரிசைக்கு என்ன எட்டியிருக்கும்? மைக் இருந்ததால் மந்திர ஸ்தாயியின் கம்பீரத்தைத் தமிழ் ரசிகர்கள் கேட்டனர். திரைப்பாட்டில் ஏ. எம். ராஜாவும் பி. பி. ஸ்ரீநிவாஸும், இந்தியில் தலத் மகமூதும் மைக்கின் அருகே நின்று மெல்லப் பாடியே நாட்டின் நெஞ்சில் இடம்பெற்றனர். நம் வங்கத்து அண்டை வீட்டார் போற்றும் ஹேமந்த குமாரும் ஒருபோதும் உரக்கக் கத்தியவர் அல்லர்.

ரயில்வே ஊழியன் என்ற முறையில் ஒன்றை இங்கே நினைவுகூர விரும்புகிறேன். இந்துஸ்தானி இசையில் கிரானா கரானாவின் பெருமகனார் உஸ்தாத் அப்துல் கரீம் கான் (1872-1937), மெல்லிய, இனிய, மேலோங்கிய குரலுடையவர். கர்நாடக சங்கீதத்தையும் மதித்துக் கற்றவர். 1937 அக்டோபரில் சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் வழியில் உடல்நலம் குன்றி, சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் இறங்கினார்; அந்நிலையத்திலேயே உயிர் நீத்தார். 1930களில் மின்சார மைக்கின் முன் அவர் பாடிய இசைத்தட்டுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. தகரக் கூம்பின் காலத்தோடு அவர் வாழ்வு முடிந்திருந்தால் அந்த மென்மையில் பாதியும் நமக்குக் கிட்டியிராது.

பாட்டு மட்டுமா? மகாத்மா காந்தியடிகளின் குரலும் மெல்லியதே. காங்கிரஸ் கூட்டங்களில் அவர் முன் நின்ற மைக்கில் 'சிகாகோ ரேடியோ' என்ற எழுத்துகளைப் பழைய புகைப்படங்களில் காணலாம். பெயர்தான் சிகாகோ, நடத்தியவர் பம்பாயைச் சேர்ந்த மோட்வானி குடும்பத்தினர். மெல்லப் பேசிய ஒரு மனிதரை இலட்சக்கணக்கானோர் கேட்டனர் என்றால், அதில் இக்கருவிக்கும் பங்குண்டு.

எதைத் தேர்வது?

இனி நம் மேடைக்கு வருவோம். மெல்லிய குரலுக்கு எத்தகைய மைக் ஏற்றது?

"மெல்லிய குரலா? அப்படியானால் மிகக் கூர்மையாகக் கேட்கும் மைக்காக வாங்குங்கள்" என்று பலர் சொல்வர். நானும் அவ்வாறே நம்பினேன். இது பாதி உண்மை. கூரிய காது படைத்த மைக், குரலைக் கேட்பது போலவே மின்விசிறியையும், முன்வரிசைக் குழந்தையையும், ஒலிபெருக்கிப் பெட்டியையும் கேட்கும். ஊளையைத் தடுப்பது கூர்மையன்று. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரமும், மைக் எத்திசையில் கேட்கிறது என்பதுமே அதைத் தடுப்பன.

தூரத்தின் கணக்கு எளியது. தூரம் இரண்டு மடங்கானால் மைக்கை எட்டும் ஒலியின் அழுத்தம் பாதியாகும். வாயிலிருந்து இரண்டு அங்குலத்தில் இருக்கும் மைக்கைப் பதினாறு அங்குலத்திற்குத் தள்ளினால் அழுத்தம் எட்டில் ஒரு பங்காகிவிடும். நாங்கள் அன்று ஒன்றரை அடி, அதாவது பதினெட்டு அங்குலம் தள்ளி வைத்தோம்! எட்டு மடங்குக்கும் மேலாக நாங்களே பறித்துவிட்டு, அந்தப் பெண்மணியை உரக்கப் பாடச் சொன்னோம். இதை எண்ணும்போதெல்லாம் நாணம் கொள்கிறேன்.

திசையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், மேடை மைக்கின் கேட்கும் எல்லை வெற்றிலை வடிவில் இருக்கிறது என்று கொள்ளலாம். வெற்றிலையின் நுனிப்பக்கம் பாடகர். காம்பு சேரும் குழிவுப் பக்கம் மைக்கின் முதுகு. அப்பக்கம் அது மிகக் குறைவாகவே கேட்கும். எஸ்.எம்.58 இவ்வகையைச் சேர்ந்தது. இன்னொரு வகை, 'சூப்பர் கார்டியாய்டு' எனப்படுவது. பக்கவாட்டில் இன்னும் குறுகலாகக் கேட்கும். இருபுறமும் வயலினும் மிருதங்கமும் நெருங்கி அமரும் நம் கச்சேரியில் மெல்லிய குரலுக்கு இது மிகவும் நன்மை தரும். ஆனால் நேர் முதுகில் இதற்குச் சிறிது காது உண்டு. ஆகவே பாடகர் கேட்பதற்காக வைக்கும் பெட்டியை நேர் பின்னால் வைக்காமல் ஓரமாகத் தள்ளி வைத்தல் வேண்டும்.

டைனமிக் வகையா, கண்டென்சர் வகையா என்பது அடுத்த வினா. திறந்த பந்தல், பக்கத்தில் பூஜை மண்டபத்தின் மேளம், அனுபவமில்லாத கைகள் என்றால் டைனமிக் வகையே நன்று. கதவடைத்த அமைதியான கூடமும், 48 வோல்ட் மின்சாரம் தரும் கலவைப் பெட்டியும், அதை இயக்கத் தெரிந்த ஆளும் இருந்தால், கையில் பிடிக்கும் கண்டென்சர் வகை மெல்லிய குரலின் கமகத்தையும் சொல்லின் ஓரத்தையும் அழகாகக் காட்டும். பாடுவோர் அழுத்திப் பாட வேண்டியிராது.

இன்னொன்று. வெற்றிலை வகை மைக்கை வாயருகே வைத்தால் கீழொலி தானே சற்றுப் பெருகும். மெலிந்த குரலுக்கு இது சதைப்பற்றுத் தருவது போலாகும். கனத்த குரலுக்கோ மப்பு ஏற்றிவிடும். பின்னவருக்குக் கீழொலியைக் கலவைப் பெட்டியில் சிறிது குறைத்தால் போதும்.

கடையில் விலையையும் பெயரையும் பார்த்து முடிவு செய்யலாகாது. பாடப்போகிறவரை அழைத்துச் சென்று, அவருடைய சுருதியில், பாட இருக்கும் கூடத்திலேயே, விசிறிகளைச் சுழலவிட்டுச் சோதிக்க வேண்டும். இரண்டு மூன்று மைக்குகளை ஒரே தூரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். மேல் ஸ்தாயியைப் பாடச் சொல்லாதீர்கள். அது எதிலும் கேட்கும். கீழ் ஸ்தாயியில் மெல்ல ஒரு வரி பாடச் சொல்லுங்கள். அந்தப் பாட்டை அறியாத ஒருவரைக் கடைசி வரிசையில் அமர்த்தி, "என்ன சொல் கேட்டது?" என்று கேளுங்கள். எந்த மைக்கில் சொல் தெளிவாக எட்டுகிறதோ அதுவே அக்குரலுக்கு உரியது.

நல்ல மைக்கும் தவறாக வைத்தால் கெடும். ஒலிபெருக்கிப் பெட்டிகள் பாடகருக்கு முன்னால், தலைக்கு மேல் உயரத்தில், மக்களை நோக்கி நிற்க வேண்டும். தேவையில்லாத மைக்குகளை மூடிவிட வேண்டும். திறந்த மைக்குகள் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஊளையின்றி ஒலியைக் கூட்டும் வசதி குறைகிறது. சிறிய கூடத்தில் மிருதங்கத்திற்கு மைக்கே வேண்டாம். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் அதன் திசைக் குணம் போய் ஊளை வரும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். 'ப' எழுத்தின் காற்று நேராக மோதாதபடி மைக்கைச் சற்றுச் சாய்த்து வைத்தல் நலம்.

இவற்றில் பாதியை எனக்குக் கற்பித்தது ரயில் நிலையமே. பணியில் சேர்ந்த புதிதில், கணினி அறிவிப்பு பழுதான ஒரு நாள், விசாரணை அறையில் மைக்கின் முன் என்னை உட்கார வைத்தனர். நான் கத்தினேன். மேலதிகாரி தோளைத் தொட்டு, "கத்தாதே, கிட்டே வந்து, நிதானமாகச் சொல்" என்றார். அவ்வாறே சொன்னேன். நடைமேடையின் கோடியில் மூட்டையோடு நின்றவரும் புரிந்துகொண்டு நடந்தார். அந்தப் பாடத்தை விழா மேடையில் நான் மறந்ததுதான் வியப்பு.

மறுப்பும் விடையும்

"மைக் வந்த பின் சாரீர சாதகம் குறைந்துவிட்டது, அகாரம் சாதித்துப் பாடும் பழக்கம் போய்விட்டது" என்று முதியோர் வருந்துவதை நான் அறிவேன். அதில் உண்மை உண்டு. குரலில் இல்லாத சுருதியை மைக் தராது. மூச்சுத் தடுமாற்றத்தையும் அதுவே பெரிதாக்கிக் காட்டும். மெல்லப் பாடுவது வேறு, சாதகமின்றிப் பாடுவது வேறு. மைக் தேவையில்லாத கனத்த குரலுக்கும் மைக் வைத்து, கூரை பிளக்க ஒலியைக் கூட்டுவதும் இன்று பெருங்கொடுமையாகிவிட்டது. சிற்றொலிக் கருவி என்ற பெயரை மறந்ததன் விளைவு இது. ஆனால் இக்குறைகளைக் காட்டி, இயற்கை மெல்லிய குரலாகப் படைத்தவரை மேடையிலிருந்து விலக்குதல் நீதியாகாது.

ஒரு விண்ணப்பம்

நம் சங்கம் ஆண்டுதோறும் வாடகைக்கு மைக் எடுக்கிறது. யாருடைய குரலுக்கும் பொருந்தாமல், கிடைத்ததை வைத்து நடத்துகிறோம். பாட்டுக்கென ஒரே ஒரு நல்ல மைக்கைச் சங்கத்தின் சொந்த உடைமையாக வாங்கிவைக்குமாறு செயற்குழுவைப் பணிவோடு வேண்டுகிறேன். அதை வைக்கும் பொறுப்பை, அனுமதித்தால், நானே ஏற்கிறேன்.

மேலே குறித்த அம்மையார் இன்றும் நம்மிடையே இருக்கிறார். சனிக்கிழமை மாலைகளில் நம் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறார். இவ்விழாவில் இறைவணக்கம் பாடப்போகும் சிறுமியர் அவரிடம் பயின்றவர்களே. கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அவர் இல்லம் சென்று, எழுதியதைக் காட்டி, அன்று நான் சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டேன். முழுவதும் படித்தார். "பதினெட்டு அங்குலமா அண்ணா?" என்று கேட்டுச் சிரித்தார். அடுத்த ஆண்டு பாட வேண்டும் என்று வேண்டினேன். "பார்க்கலாம்" என்றார்.

அந்த ஒரு சொல்லை நம்பியே இக்கட்டுரையை முடிக்கிறேன். அவர் பாடும் நாளில் மைக் இரண்டு அங்குலத்தில் இருக்கும். பெட்டிகள் முன்னால் நிற்கும். மேடையோரத்தில் நிற்பவன் வாயைத் திறக்கமாட்டான்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!